கோணல் கூடமும் நேரிய பங்கும்

அல்ஜீப்ரா என்னும் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது என்பதையும், அல்காரிதம் என்னும் சொல்லில் ஒரு முஸ்லிம் அறிஞரின் பெயர் உறைந்திருக்கிறது என்பதையும் நம் மேடைகளிலும் சிறப்பு மலர்களிலும் பெருமையோடு எடுத்துரைத்து வருகிறோம். அந்தப் பெருமை நியாயமானதே. ஆயினும், முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி தம் நூலை எதற்காக எழுதினார் என்று வினவுவோர் நம்மிடையே குறைவு. கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833) எழுதப்பட்ட அந்நூலின் முன்னுரையில் அவரே விடை கூறியிருக்கிறார். வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நிலம் அளத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு இன்றியமையாத கணக்கை எளிமையாகத் தருவதே தம் நோக்கம் என்கிறார்.

நூலின் அமைப்பும் இதற்குச் சான்று. முதற்பகுதி சமன்பாடுகளைப் பற்றியது. இறுதிப் பகுதி வஸிய்யத்தையும் வாரிசுப் பங்கையும் பற்றியது. அளவில் அதுவே மிகப் பெரியது. இவற்றுக்கு இடையே சிறியதோர் இயல் இருக்கிறது. ‘பாபுல் மிஸாஹா’ என்பது அதன் பெயர். பரப்பளவை அளக்கும் இயல் என்று பொருள். 12ஆம் நூற்றாண்டில் இந்நூலை இலத்தீனில் பெயர்த்தவர்கள் மிஸாஹா இயலையும் வாரிசுக் கணக்கையும் விட்டுவிட்டார்கள். 1831இல் ஃப்ரெட்ரிக் ரோசன் அரபு மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பை லண்டனில் வெளியிட்டபோதுதான் ஐரோப்பா அவற்றை முழுமையாகக் கண்டது. இன்று நாமும் இலத்தீன் மொழிபெயர்ப்பாளர்களைப் போலவே முதற்பகுதியை மட்டும் புகழ்ந்துகொண்டிருக்கிறோம். விடுபட்டுப் போன அந்தச் சிறிய இயலைப் பற்றியதே இக்கட்டுரை. சுவர்கள் நேராக அமையாத ஒரு கூடத்தின் தரையை எப்படி அளப்பது என்னும் எளிய கேள்வியின் வழியே அதனை அணுகுவோம்.

கூடங்கள் ஏன் கோணலாகின்றன?

மனை சதுரமாக இருந்தால் வீடும் சதுரமாக இருக்கும். பழைய நகரங்களிலோ மனைகள் சதுரமாக இருப்பதில்லை. தெரு வளையும், அண்டை வீட்டின் சுவர் சாயும், பாகம் பிரிந்து பிரிந்து மனையின் வடிவம் சிதையும். இவற்றோடு முஸ்லிம்களின் நகரங்களுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. தெரு ஒரு திசையில் ஓட, கிப்லா வேறொரு திசையில் அமைகிறது.

கெய்ரோவின் அல்அக்மர் பள்ளிவாசல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஹிஜ்ரி 519இல், அதாவது கி.பி. 1125இல், ஃபாத்திமி கலீஃபா அல்ஆமிரின் காலத்தில் அவருடைய அமைச்சர் அல்மஃமூன் அல்பதாயிஹீ கட்டுவித்தது அது. அதன் முகப்புச் சுவர் தெருவை ஒட்டி நிற்கிறது; உள்ளே முற்றமும் தொழுமிடமும் கிப்லாவை நோக்கித் திரும்பியிருக்கின்றன. தெருவின் போக்குக்கு முகப்பை இசைவித்த முதற் பள்ளிவாசலாகக் கெய்ரோவில் இதனையே கூறுவர். இரு திசைகளுக்கும் இடையே எஞ்சிய ஆப்பு வடிவ இடத்தில் சுவரின் கனம் ஒருபுறம் கூடிக்கொண்டே போகிறது; சிற்றறைகளும் அங்கே அமைந்திருக்கின்றன. இஸ்ஃபஹானில் 1611இல் தொடங்கப்பட்ட ஷாஹ் பள்ளிவாசலிலும், பெருந்திடலை நோக்கிய வாயிலுக்கும் கிப்லாவை நோக்கிய கட்டடத்துக்கும் இடையே ஏறத்தாழ 45 பாகைத் திருப்பம் உண்டு.

இத்தகைய இடங்களைத் தளம் பாவுவதற்கு முன் அளந்தாக வேண்டும். வக்ஃபுக் கடையாயின் வாடகை நிர்ணயிப்பதற்கும், தனியார் கூடமாயின் வாரிசுகளுக்குப் பிரிப்பதற்கும் அளந்தாக வேண்டும். அளவுகோல் கையில் இருந்தால் மட்டும் போதாது என்பது இங்கேதான் தெரியவருகிறது.

எளிதான வழியும் அதன் குறையும்

கோணலான நாற்கரத்தை அளக்க மிகப் பழைய வழி ஒன்று உண்டு. எதிரெதிர்ச் சுவர்களைக் கூட்டிப் பாதியாக்கி, கிடைத்த இரு சராசரிகளையும் பெருக்குவதே அது. எகிப்தில் எட்ஃபூ கோயிலின் நிலப் பதிவுகள் இம்முறையில்தான் கணக்கிடப்பட்டன. கி.பி. 628இல் ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ இயற்றிய பிரம்மகுப்தர் இதனை அறிந்திருந்தார். ஆனால் இது தோராயம் மட்டுமே என்று தெளிவாகப் பிரித்துரைத்து, நான்கு பக்கங்களைக் கொண்டு பரப்பைக் காணும் நுட்பமான சூத்திரம் ஒன்றையும் தந்தார். நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மீது அமையும் நாற்கரங்களுக்கே அச்சூத்திரம் பொருந்தும்.

ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றி வரும் வரிசையில் அதன் சுவர்கள் 13, 14, 9, 12 முழம். சராசரி முறைப்படி 13க்கும் 9க்கும் நடு 11. 14க்கும் 12க்கும் நடு 13. பெருக்கினால் 143 சதுர முழம். பிரம்மகுப்தரின் நுட்ப சூத்திரத்தைப் பொருத்தினால் 140.7 வரும். இரண்டில் எது சரி? நான்கு சுவர்களின் நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை கூற இயலாது. நான்கு கழிகளை மூலைகளில் ஆணியடித்து இணைத்தால் அச்சட்டத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பல வடிவங்களாக்கலாம். கழிகளின் நீளம் மாறுவதில்லை. உள்ளே அடங்கும் பரப்பு மாறிக்கொண்டே இருக்கும். ஐந்து ஐந்து முழமாக நான்கு பக்கமும் கொண்ட சதுரத்தின் பரப்பு 25. அதே பக்கங்களைக் கொண்டு, மூலைவிட்டங்கள் 6, 8 ஆக அமைந்த சாய்சதுரத்தின் பரப்பு 24 மட்டுமே.

சராசரி முறையின் குறை ஒருபக்கச் சார்புடையது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். செவ்வகத்துக்கு மட்டுமே அது சரியான விடை தரும். ஏனைய நாற்கரம் அனைத்துக்கும் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். அளவின்படி நிலவரி விதிக்கும் அரசுக்கு இது ஆதாயம். இல்லாத நிலத்துக்கு வரி செலுத்துபவன் குடியானவன்.

அல்குவாரிஸ்மி காட்டிய வழி

அல்குவாரிஸ்மி தம் இயலை அடிப்படையிலிருந்தே தொடங்குகிறார். ஒன்றில் ஒன்று என்றால் ஒரு முழ நீளமும் ஒரு முழ அகலமும் கொண்ட பரப்பு என்று முதலில் விளக்குகிறார். பக்கம் அரை முழமாயின் பரப்பு அரை அன்று, கால் என்பதையும் சொல்லிவிடுகிறார். இது குழந்தைப் பாடம் போலத் தோன்றலாம். இதில் தவறிய நீதிபதியைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

அடுத்து நாற்கரங்களை ஐந்து வகையாக்குகிறார்: சதுரம், செவ்வகம், சாய்சதுரம், இணைகரம், பக்கங்களும் கோணங்களும் வெவ்வேறான நாற்கரம். நம் கோணல் கூடம் ஐந்தாம் வகையைச் சேர்ந்தது. இதற்குத் தனிச் சூத்திரம் எதுவும் அவர் தரவில்லை. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடிட்டு, இரண்டு முக்கோணங்களாக்கி அளந்துகொள்ளச் சொல்கிறார். முக்கோணத்துக்கு மூன்று பக்கங்கள் தெரிந்தால் போதும். மூன்று கழிகளாலான சட்டம் சாய்வதில்லை. ஐந்து பக்கம், ஆறு பக்கம் என எத்தனை சுவர்கள் இருப்பினும் இந்த வழி செல்லும்.

முக்கோணத்தின் பரப்புக்கு அடிப்பக்கமும் உயரமும் வேண்டும். பொருள்கள் நிறைந்த கூடத்தில் செங்குத்தாகக் கயிறு பிடித்து உயரம் காண்பது எளிதன்று. இங்கேதான் அவருடைய நூலின் முதற்பகுதி நடுப்பகுதிக்குத் துணைவருகிறது. 13, 14, 15 பக்கங்கள் கொண்ட முக்கோணத்தை அவர் எடுத்துக்கொள்கிறார். 14ஐ அடிப்பக்கமாக்கி, உயரம் வந்து விழும் இடம் 13 முழப் பக்கத்தின் அடியிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதை ‘ஷைஉ’ (தெரியாத பொருள்) என்று வைத்துக்கொள்கிறார். 13இன் வர்க்கத்திலிருந்து அதன் வர்க்கத்தைக் கழித்தாலும், 15இன் வர்க்கத்திலிருந்து எஞ்சிய துண்டின் வர்க்கத்தைக் கழித்தாலும் கிடைப்பது அதே உயரத்தின் வர்க்கம். இரண்டையும் சமப்படுத்தினால் தெரியாத பொருள் 5 எனத் தெரியவருகிறது. உயரம் 12, பரப்பு 84. சமன்பாட்டுக் கலை தரையளக்கும் கயிற்றுக்குத் துணைநின்ற இடம் இது.

இதனை நம் கூடத்துக்குப் பொருத்துவோம். 13 முழச் சுவரும் 14 முழச் சுவரும் ஒரு மூலையில் சேர்கின்றன. அவற்றின் மறுமுனைகளை இணைக்கும் மூலைவிட்டத்தைக் கயிற்றால் அளந்தபோது 15 முழம் வந்ததாகக் கொள்வோம். ஒரு முக்கோணம் அல்குவாரிஸ்மி தந்ததே, பரப்பு 84. மற்றொன்றின் பக்கங்கள் 9, 12, 15. அது செங்கோண முக்கோணம் ஆதலின் பரப்பு 54. ஆக மொத்தம் 138 சதுர முழம். சராசரி முறை 5 சதுர முழத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தது. நுட்ப சூத்திரமும் பொருந்தாத இடத்தில் பொருத்தப்பட்டதால் பிழைத்துவிட்டது. வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்தது ஐந்தாவதாக ஒரே ஒரு கயிறு.

அல்குவாரிஸ்மிக்குப் பின், அதே 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்களான முஹம்மது, அஹ்மது, ஹஸன் ஆகிய மூவரும் சமதள உருவங்களையும் கோள உருவங்களையும் அளப்பது பற்றி ஒரு நூல் எழுதினர். மூன்று பக்கங்களிலிருந்து உயரம் காணாமலேயே முக்கோணத்தின் பரப்பைப் பெறும் விதிக்கு அதில் நிரூபணம் தந்தனர். கிரேக்க அறிஞர் ஹீரோனின் பெயரால் அறியப்படும் அவ்விதி ஆர்க்கிமிடீசுக்கு உரியது என்று அல்பீரூனி குறிப்பிடுகிறார். பக்கங்களின் கூட்டலில் பாதி 21. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 8, 7, 6. நான்கையும் பெருக்கினால் 7056. அதன் வர்க்கமூலம் அதே 84.

சுவர் வளைந்திருந்தால்? அதற்கும் மிஸாஹா இயலில் வழி உண்டு. வட்டத்தின் விட்டத்தை வர்க்கமாக்கி, அதில் ஏழில் ஒரு பங்கையும் அதன் பாதியையும் கழித்துவிடச் சொல்கிறார் அல்குவாரிஸ்மி. ஏழு சாண் விட்டமுள்ள அரைவட்ட மிஹ்ராப் எனில், 49இலிருந்து 7ஐயும் மூன்றரையையும் கழிக்க 38.5, அதில் பாதி 19.25 சதுர சாண். வட்டத்துண்டை அளக்கும் வழியையும் அவர் சேர்த்திருக்கிறார். பரிதிக்கு விட்டத்தை மூன்றும் ஏழிலொன்றுமாகப் பெருக்கும் முறை மக்களின் நடைமுறைக்கானது என்று கூறி, வானியலார் கையாளும் நுட்பமான எண்ணையும் உடன் தருகிறார். தோராயத்தைத் தோராயம் என்றே அறிவித்துத் தரும் நேர்மை இதில் தெரிகிறது.

நீதிபதியும் முஹந்திஸும்

10ஆம் நூற்றாண்டில் பஸராவோடு தொடர்புடைய இஃக்வானுஸ் ஸஃபா குழுவினரின் கடிதத் தொகுப்பில் இரண்டாவது கடிதம் வடிவகணிதத்தைப் பற்றியது. இராக்கின் நில அளவையாளர்கள் கையாண்ட அளவுகள் அதில் விளக்கப்பட்டிருக்கின்றன. ஆறு முழம் ஒரு பாப். பத்து பாப் ஒரு அஷ்ல். அஷ்லை அஷ்லால் பெருக்கினால் ஒரு ஜரீப், அதாவது 3600 சதுர முழம். இவ்விளக்கத்தோடு அவர்கள் இரு வழக்குகளையும் சொல்கிறார்கள்.

ஒருவர் நூறு முழ நீளமும் நூறு முழ அகலமும் கொண்ட நிலத்தை ஆயிரம் திர்ஹத்துக்கு வாங்கினார். விற்றவர் அதற்கு ஈடாக, ஐம்பதுக்கு ஐம்பது முழத்தில் இரண்டு துண்டுகளைக் கொடுக்க முன்வந்தார். வடிவகணிதம் அறியாத நீதிபதியிடம் வழக்குச் சென்றது. அது சரியென்று தவறாகத் தீர்ப்பளித்தார். அக்கலை அறிந்த மற்றொரு நீதிபதியோ அது சேர வேண்டியதில் பாதியே என்று தீர்த்தார். இரண்டாம் வழக்கு, நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் நான்கு முழமாகக் குளம் வெட்ட எட்டு திர்ஹம் கூலி பேசியது பற்றியது. வெட்டியவர் மூன்றிலும் இரண்டு முழம் வெட்டிவிட்டுப் பாதிக் கூலியாக நான்கு திர்ஹம் கேட்டார். வடிவகணிதம் அறியாத முஃப்தி அதனை அவருடைய உரிமை என்றார்; துறை அறிந்தவர்களோ ஒரு திர்ஹம் என்றனர். எட்டில் ஒரு பங்கே வெட்டப்பட்டிருந்தது.

இந்த நீதிபதியும் முஃப்தியும் இலஞ்சம் வாங்கியதாக அக்கடிதம் சொல்லவில்லை. அவர்களுடைய நேர்மையில் குறையில்லை, அறிவில் குறையிருந்தது. விளைவு என்னவோ ஒன்றுதான்: உரியவருக்கு உரியது போய்ச் சேரவில்லை.

ஃபிக்ஹுச் சட்ட அறிஞர்கள் இதனை உணர்ந்தே இருந்தார்கள். 1277இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களின் மத்ரஸாக்களுக்கு நன்கு அறிமுகமான நூல். அதில் பாகப்பிரிவினையைப் பற்றிய பகுதியில், காழி நியமிக்கும் பங்கீட்டாளருக்கு உரிய நிபந்தனைகள் கூறப்படுகின்றன. நீதியாளராக இருத்தலோடு மிஸாஹாவும் கணக்கும் அறிந்தவராக இருத்தலும் அவற்றுள் அடங்கும். பங்குகள் அரை, மூன்றிலொன்று, ஆறிலொன்று என வேறுபட்டால் நிலத்தை மிகச் சிறிய பங்கின் அளவில் கூறுகளாக்க வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. பிரித்தால் பயன் கெட்டுவிடும் சிறிய இடத்தைப் பிரிக்குமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் சட்டமே.

இனி நம் கூடத்துக்குத் திரும்புவோம். அதன் உரிமையாளர் மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு இறந்தார் எனக் கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும். மொத்தத்தை 24 கூறாக்கினால் 3, 14, 7 என வரும். 138 சதுர முழத்தில் மனைவிக்கு 17.25, மகனுக்கு 80.5, மகளுக்கு 40.25. மாறாக, சராசரி முறையில் 143 என்று கணக்கெழுதி, மனைவிக்கும் மகனுக்கும் உரியதை முதலில் அளந்துவிட்டு, மீதம் மகளுக்கு என்று விட்டால் என்ன ஆகும்? முன்னவர் இருவரும் சுமார் 101.3 சதுர முழம் எடுத்துக்கொள்வர். மகளுக்குத் தாளில் 41.7 இருக்கும், தரையில் 36.7 மட்டுமே இருக்கும். அவருக்குரிய பங்கில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பகுதி மறைந்துவிடும். யாரும் திருடவில்லை, ஒரு மூலைவிட்டத்தை அளக்காமல் விட்டதே காரணம். கடைசியாக எடுத்துக்கொள்ளச் சொல்லப்படுபவர் நம் குடும்பங்களில் பெரும்பாலும் யார் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்பதைத் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 7ஆம் வசனம் உறுதிப்படுத்துகிறது. அளவையில் குறைப்போரைக் கண்டித்தே 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொள்வதைக் குறித்த நபிகளார் (ஸல்) அவர்களின் கடும் எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியிருக்கிறது. பங்கின் விகிதத்தை மார்க்கம் வகுத்துத் தந்துவிட்டது. அந்த விகிதம் தரையில் எங்கே முடிகிறது என்பதைக் காண்பது மனிதர்களின் பொறுப்பு.

கண்ணும் நிரூபணமும்

இப்பொறுப்பை ஏற்றுக்கொண்ட அறிஞர்களுள் அபுல்வஃபா அல்பூஸ்ஜானி குறிப்பிடத்தக்கவர். 940இல் குராஸானில் பிறந்து, 959இல் பக்தாதுக்குக் குடியேறிய அவர், அரசாங்க எழுத்தர்களுக்கும் அதிகாரிகளுக்கும் தேவையான கணக்கைப் பற்றி ஒரு நூலும், கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவகணிதத்தைப் பற்றி மற்றொரு நூலும் எழுதினார். முதல் நூலில் ஒரு பகுதி முழுவதும் மிஸாஹாவுக்கு உரியது. இரண்டாம் நூலில் கைவினைஞர்களும் வடிவகணித அறிஞர்களும் கூடி விவாதித்த செய்தியைப் பதிவு செய்கிறார். மூன்று சம சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்பது பேசப்பட்ட பொருள். கைவினைஞர்கள் காட்டிய வழிகளுள் சில, பார்வைக்குச் சரியாக இருந்தும் உண்மையில் பொருந்தவில்லை. இரண்டு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டி நான்கு முக்கோணங்களாக்கி, மூன்றாவதைச் சுற்றி அடுக்கும் சரியான வழியை அவர் விளக்குகிறார். கைவினைஞர் கண்ணை நம்பி நிரூபணத்தை விட்டுவிடுகிறார். அறிஞர் நிரூபணத்தை நம்பிக் கைப்பழக்கத்தை விட்டுவிடுகிறார் என்று இரு தரப்பாரின் குறையையும் அவர் சுட்டுவது இன்றைக்கும் சிந்திக்கத்தக்கது.

சமர்கந்தில் உலூக் பேக்கின் அவையை அணிசெய்த ஜம்ஷீத் அல்காஷி 1427இல் ‘மிஃப்தாஹுல் ஹிஸாப்’ என்னும் நூலை நிறைவு செய்தார். அதன் நான்காம் பகுதி அளவையியல். கட்டடங்களை அளப்பது பற்றி முன்னோர் போதிய அளவு எழுதவில்லை எனக் கருதி, வளைவுகளையும் குவிமாடங்களையும் தேன்கூடு போன்ற முகர்னஸ் அலங்காரங்களையும் அளக்கும் முறைகளை அவர் வகுத்தார். ‘பை’யின் மதிப்பைப் பதினாறு தசம இடங்கள் வரை கணித்த அதே கரம், வாயில் வளைவு ஒன்றின் பரப்பைக் கொத்தனாருக்கும் விளங்கும்படி எழுதியது. கலையின் உயர்ந்த படியும் தாழ்ந்த படியும் அவர்களுக்கு ஒரே ஏணியைச் சேர்ந்தவையாக இருந்தன.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வின் கல்வியைப் பற்றிய முதல் நூலிலேயே, மருத்துவத்தோடு கணக்கையும் பர்ளு கிஃபாயாவாக எண்ணுகிறார்கள். கொடுக்கல் வாங்கலுக்கும் வஸிய்யத்தையும் வாரிசுச் சொத்தையும் பங்கிடுவதற்கும் அது தேவை என்பதே அவர்கள் காட்டும் காரணம். ஓர் ஊரில் ஒருவரேனும் அதை அறிந்திருந்தால் அனைவர்க்கும் கடமை நீங்கும். ஒருவரும் அறியாவிடில் அனைவரும் குற்றவாளிகள். இன்று நம் மத்ரஸாக்களில் ஃபராயிள் பாடம் பங்கின் விகிதத்தோடு நின்றுவிடுகிறது. எட்டிலொன்று எது என்பதை மாணவர் பிழையின்றிச் சொல்கிறார். எதனுடைய எட்டிலொன்று என்பதை அளந்து சொல்லும் பயிற்சி அவருக்குத் தரப்படுவதில்லை. அதனை அளவையாளரிடம் ஒப்படைத்துவிடலாம் என்பது உண்மையே. ஆனால் அளவையாளர் தவறினால் கண்டுபிடிக்கும் அளவுக்கேனும் தீர்ப்புக் கூறுபவருக்கு இக்கலை தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இஃக்வானுஸ் ஸஃபா சொன்ன இரு வழக்குகளும் உணர்த்துகின்றன.

மிஸாஹாவுக்கு உரிய இடத்தை மீட்டுத் தருவது கடினமான காரியமன்று. ஃபராயிள் பாடத்தின் இறுதியில் மாணவர்களை ஒரு கோணல் கூடத்துக்கு அழைத்துச் சென்று, நான்கு சுவர்களையும் அளக்கச் செய்து, பிறகு மூலைக்கு மூலை ஒரு கயிற்றையும் பிடிக்கச் செய்தால் போதும். அல்குவாரிஸ்மியின் நூலில் முதற்பகுதியும் இறுதிப் பகுதியும் ஏன் ஒரே அட்டைக்குள் இருந்தன என்பது அவர்களுக்கு அங்கேயே விளங்கிவிடும்.